வீட்டுக்குள் யாரும் போடுவதில்லை

அப்பாவுக்கு வெட்டிய குழியைச் சுற்றி நின்றவர்களை அண்ணன் விலக்கிவிட்டுக்கொண்டிருந்தான். "தள்ளி நில்லுங்க. மாமா, மூக்குக்கு மேல ஏத்துங்க."

வீசிய காற்றில் எல்லோருடைய மாஸ்க்கும் படபடத்தது. தங்கை தன் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பாவையும் அவன் இப்படித்தான் விரட்டினான்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு நடை போய் வராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வந்தவரை அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"ஆளே இல்லாத ரோட்டுலடா. மூச்சு வாங்குது."

"அதெல்லாம் தெரியாது. இனிமே வெளியவே போக வேணாம்."

அதோடு நடை நின்றது. சாயங்காலம் அண்ணனின் நண்பர்கள் வந்தால், ஏசி போட்ட கூடத்தில் அப்பாவும் அவர்களோடு சீட்டாட உட்காருவார். உள்ளே வந்ததும் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள். "ஜன்னலையாவது திறந்து வைண்ணே," என்று தங்கை போனில் கெஞ்சினாள்.

"நம்ம வீட்டுக்குள்ள என்னடி பயம்?" என்று சிரித்தான்.

முதலில் ஒரு நண்பர் தொற்று வந்து படுத்தார். அடுத்து அப்பா. நண்பர் எழுந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் உறவினர்கள் அதே கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக மாஸ்க்கைக் கழற்றினார்கள். அண்ணி டீ கொண்டுவந்தாள். அண்ணன் ஏசியைப் போட்டான்.

தங்கை எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு ஜன்னல் கொக்கியை இழுத்தாள்.

"என்ன பண்றே? வெயில்ல வந்திருக்காங்க, பாவம்."

"அப்பாவுக்கு ரோட்டுலயாண்ணே வந்துச்சு?"

யாரோ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"இந்த நேரத்துல என்னம்மா பேச்சு?" என்றாள் அத்தை.

தங்கைக்கு இன்னும் சொல்ல நெஞ்சு நிறைய இருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு, நாற்காலிகளைத் தூக்கிப்போய் வாசலில் இடம் விட்டுவிட்டுப் போட்டாள். முணுமுணுத்தபடியே ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

கடைசியாகத்தான் அண்ணன் வந்தான். அவனுடைய சின்ன மகள் மடியில் ஏற ஓடிவந்தாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான்.