படியை மட்டும் விட்டுவந்தேன்

என் வீடு விலைக்கு வந்திருக்கும் செய்தி மீன் வாங்க வந்த கத்பர்ட் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"வாஷ்டி, இது உன் வீடுதானே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விக்கிறியா?"

என் வீடேதான். நீலப் பலகை, வெள்ளைச் சன்னல். கொடியில் கிடந்த என் உள்பாவாடையை மட்டும் எவனோ படத்திலிருந்து அழித்திருந்தான். கீழே, 'பார்படோஸின் உண்மையான ஆன்மா குடியிருக்கும் எளிய குடில், கடற்கரைக்கு நூறு அடி' என்று எழுதியிருந்தது. குடிலாம்! முப்பது வருஷம் சந்தையில் பறக்கும் மீனுக்கு முள்ளெடுத்து, விரலெல்லாம் கிழிந்து, பலகை பலகையாக வாங்கிக் கட்டியது. அதில் ஆன்மா ஒன்றும் குடியிருக்கவில்லை. நான்தான் இருந்தேன்.

படத்தின் ஓரத்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பல்லைக் காட்டியவன் டாகோஸ்டா, என் தங்கை மகன். அவன் அம்மா கனடாவில் கிழவிகளைக் குளிப்பாட்டப் போனபோது நாலு வயதில் என்னிடம் விட்டுப் போனாள். பதினொரு வயதில் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கே படித்துத் திரும்பிவந்து, இப்போது ஹோல்டவுனில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்களுக்குத் தீவைத் துண்டு போட்டு விற்கிறான். வந்து மூன்று வருஷத்தில் என்னைப் பார்க்க வந்தது இரண்டே தடவை.

மூன்றாவது தடவை வாங்குகிறவரோடு வந்தான். டொரொன்டோக்காரர், பெயர் பிளென்கின். விமான நிலையத்தில் வாங்கிய ஓலைத் தொப்பி, அதில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமலே பலகையைத் தட்டிப் பார்த்தார், சன்னலை மோந்து பார்த்தார்.

"இனி வருஷத்துல பாதி இங்கதான் இருக்கப் போறேன்மா. இங்க நேரம் எவ்வளவு மெதுவா நகருது! நீங்கெல்லாம் குடுத்து வெச்சவங்க" என்றார்.

என் நேரம் மெதுவாக நகர்ந்திருந்தால் மீன் அழுகியிருக்கும். இந்த ஆளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? 

அவர் கடலைப் படம் எடுக்கப் போனதும் டாகோஸ்டா குரலைத் தாழ்த்தினான்.

"பெரியம்மா, பிரிட்ஜ்டவுன் வக்கீல் இடத்தை வித்துட்டார். மாசக் கடைசிக்குள்ள நீங்க காலி பண்ணணும். சாவியை என்கிட்ட குடுத்திடுங்க. மேசை நாற்காலியெல்லாம் அப்படியே கிடக்கட்டும், அந்தப் பழசு அவருக்குப் பிடிச்சிருக்கு."

"எதை வித்தார்னு சொன்ன?"

"இந்த இடத்தைத்தான்."

"இடத்தைத்தானே?"

"ஆமா பெரியம்மா, எத்தனை தடவை சொல்றது! காது மந்தமாயிடுச்சா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மண் வக்கீலுடையது, அதற்கு மாசாமாசம் வாடகை கொடுத்தேன். வீடு என்னுடையது. எங்கள் ஜனங்கள் பலகை வீட்டைத் தரையில் ஊன்றுவதே இல்லை, கற்களை அடுக்கி அதன்மேல் உட்காரவைப்போம். மண்ணுக்காரன் போ என்றால் போவோம், வீட்டையும் தூக்கிக்கொண்டு போவோம். எங்கள் தெருவில் வீடு லாரியில் போவதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. இவனே ஒருமுறை லாரிக்குப் பின்னால் டாட்டா காட்டிக்கொண்டு ஓடினவன்தான். கனடாவில் எதையெதையோ படித்தான், இதை மறந்துவிட்டான். வீடு இல்லாத இடத்தை வீட்டோடு விற்றிருக்கிறான், மடையன். கேட்டானே என்று மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு முழம் மண் கூட வாடகைக்கு இல்லை, எல்லாவற்றையும் பிளென்கின்கள் வாங்கிவிட்டார்கள். கடைசியில் தீவின் வடகோடியில், செயின்ட் லூசியில், கத்பர்ட் அண்ணனின் தம்பி மேட்டு நிலத்தில் ஓர் ஓரம் தந்தான். அங்கே காற்று உண்டு, ஆடு உண்டு. மீன் சந்தைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். ஒருநாள் மத்தியானம் சந்தையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலையில் எட்டு ஆண்கள் வந்தார்கள். கத்பர்ட் அண்ணன் தச்சர், சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டார். முதலில் கூரைத் தகரம் இறங்கியது, பிறகு முகப்பு, பிறகு சுவர்கள். நான் மரத்தடியில் அடுப்பு மூட்டி, பன்றிக்கறியை எலுமிச்சையில் ஊறவைத்து, வள்ளிக்கிழங்கை வேகவைத்தேன். வீடு பிரிக்கிற அன்று சோறும் ரம்மும் வீட்டுக்காரி பொறுப்பு.

அலமாரியை நகர்த்தியபோது பின்னால் இருந்த பலகையில் பென்சில் கோடுகள் தெரிந்தன. நாலு வயதிலிருந்து பதினொன்று வரை டாகோஸ்டாவின் உயரம், எட்டுக் கோடுகள்.

"இதைத் தேய்ச்சு விட்டுடட்டுமா வாஷ்டி?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம். இதுக்கும் நம்பர் போட்டு லாரியில ஏத்துங்க" என்றேன்.

வாசல் கல்படியையும் பெயர்க்கக் கடப்பாரையைத் தூக்கினார்கள். அது மூன்று அடுக்கு, சிமென்ட் போட்டு மண்ணில் பதித்தது. டாகோஸ்டா அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான்.

"விடுங்க. மண்ணுல புதைஞ்சது மண்ணு வாங்கினவருக்கு. நான் திருடி இல்ல" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பிளென்கின் நாலு பெட்டியோடு வந்து இறங்கினாராம். அடுத்த வீட்டு மார்வா தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அந்த மனுஷன் படியேறி உச்சியில நின்னாருடி! கையில சாவி வேற! சுத்திச் சுத்திப் பாத்தாரு. அந்தண்டை ஒரு கோழிதான் நிக்குது. அப்புறம் உன் பையன் வந்து போலீசைக் கூப்பிட்டான். வந்த போலீஸ்காரன், 'இது அவங்க வீடு, அவங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க, நீங்க எந்த ஊர்ல பிறந்தீங்க சார்?'னு கேட்டான். உன் பையன் மூஞ்சியைப் பாக்கணுமே!"

ஞாயிற்றுக்கிழமை டாகோஸ்டா மேட்டுக்கு வந்து சேர்ந்தான். சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. என்ன இருந்தாலும் நான் வளர்த்த பிள்ளை. மன்னிச்சிடுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுவோம் என்றுதான் வாசலில் வந்து நின்றேன். வீடு கற்கள்மேல் உயரமாக இருந்தது. ஏறி இறங்க ஒரு காலி சோடா பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன்.

"பெரியம்மா, வீட்டைத் திரும்ப அங்கயே கொண்டுவந்து வெச்சிடுங்க. என்ன கேட்டாலும் பிளென்கின் தர்றேங்கறார்."

"அவருக்கு எதுக்குடா என் வீடு? ஊர்ல பலகை வீட்டுக்கா பஞ்சம்?"

"இதுதான் வேணுமாம். நான் வளர்ந்த வீடுன்னு கதையெல்லாம் சொல்லியிருந்தேன். அலமாரிக்குப் பின்னாடி பென்சில் கோடு இருக்குன்னு கூடச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் கையெழுத்துப் போட்டார்."

ஆக, எதையும் மறக்கவில்லை. கோடு ஞாபகம் இருக்கிறது. அதைப் போட்ட கை மட்டும் ஞாபகம் இல்லை. இவனைப் போய் மடையன் என்று நினைத்துவிட்டேனே. மடையனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அவன் பெட்டியின்மேல் காலை வைக்க வந்தான். நான் குனிந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"பெரியம்மா! எப்படி ஏறுறது? படி எங்க?"

"உன் துரைகிட்ட இருக்கு. அங்க போய் உக்காரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.