செவலையின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

வெள்ளிக்கிழமை காலையில், செவலை மாட்டின் வயிற்றில் குடியிருந்தவர்களில் ஒருவர் வெளியே வந்து துளசிமணியை எழுப்பினார்.

வழக்கமாக அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று இவர் பூசணிக்காய் அளவு இருந்தார். கண் கிடையாது, கால் கிடையாது. கண்ணாடி போன்ற உடம்பு, சுற்றிலும் மெல்லிய முடி. அந்த முடிகளால் துடுப்புப் போட்டுத்தான் கட்டுத்தறியிலிருந்து வாசல்வரை வந்திருக்கிறார். துளசிமணி பாய் விரித்தாள்.

"உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"வேண்டாங்க. காத்து ஆகாது. சுருக்கச் சொல்லிர்றேன்."

"சொல்லுங்க."

"மாடு அசை போடலீங்க."

"நேத்துச் சாயந்தரமிருந்தே போடலீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"பொழுது சாஞ்சா மாட்டு உசுரு போயிருமுங்க."

துளசிமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷன் போனபிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சு விடுகிற ஜீவன் செவலை ஒன்றுதான். தப்பு யாருடையது என்றும் அவளுக்குத் தெரியும். முந்தாநாள் காதுகுத்து வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வாங்கிவந்து செவலைக்கு வைத்தவள் அவள்தான். விசேஷச் சோற்றை நாம் மட்டும் தின்பதா என்கிற பிரியம். செவலையும் அண்டாவை நக்கித் துடைத்துவிட்டது.

"உள்ள புளிச்சுப்போச்சுங்களா?"

"புளிக்கறதுக்குள்ள முழுங்கினோங்க. நாங்க முழுங்கினா மெதுவாக் கரையும். மாட்டுக்குக் கெடுதி வராது. அதுதான எங்க வேலை."

"அப்புறம்?"

"சோறு தீரலீங்க. முழுங்கிட்டே இருந்தோம்."

"மத்தவங்கெல்லாம் எங்கீங்க?"

"வெடிச்சுட்டாங்க."

அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடிவிட்டதாக நினைத்திருந்தாள் துளசிமணி. இத்தனை வருடமும் செவலைக்கு மஞ்சள் பூசினாள், கொம்புக்குச் சாயம் அடித்தாள். வைக்கோலைப் பாலாக்கக் கைகொடுத்த இந்த ஜனத்துக்கு ஒரு கும்பிடு போட்டதில்லை. காலில் விழலாம் என்றால் கால் இல்லை. முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணட்டுங்க?"

"ஆளு வேணுங்க. ராக்கியப்பன் வீட்டு மாட்டுல எங்க சொந்தமெல்லாம் இருக்குது. செவலையோட தாய்தான அது? கன்னுல அது நக்கித்தான் நாங்களே இங்க வந்தோம்."

"தூக்குப்போசியில கொண்டாரட்டுங்களா?"

"காத்துப் பட்டிருமுங்க. சூடு வேணும், எச்சி வேணும்."

துளசிமணி யோசித்தாள். அப்படி அவளிடம் இருந்தது ஒரே ஒரு பாத்திரம். போய் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்தாள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துச் செவலைக்குப் புகட்டி உள்ளே புளிப்பை அடக்கினாள்.

"நீங்க கெளம்புங்க. நான் உள்ள போயி எடம் போட்டு வெக்கறேன்" என்று அவர் மாட்டின் வாய் வழியாக உள்ளே போனார்.

ராக்கியப்பன் வீடு எதிர்ச்சாரியில் இருந்தது. போன மாதம் முதல் ராக்கியப்பன் தன் வீட்டு வேலியில் கல்தூணாக இருக்கிறார். தூணின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. துளசிமணி விரட்டிவிட்டாள்.

"ஏனுங்ணா, உங்க மாட்டு வாயிலிருந்து ஒரு கை அசை வேணுங்க."

"எடுத்துக்க அம்மிணி. நானே எடுத்துக் குடுத்துருவேன். கையில்லாமப் போச்சு."

"பரவாயில்லீங்ணா. வலிக்குதுங்களா?"

"கம்பி கட்டுன எடத்துல கொஞ்சம்."

கம்பியைத் தளர்த்திவிட்டு மாட்டிடம் போனாள். தாய்மாடு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. கடைவாயில் கைவிட்டு ஒரு பிடியை எடுத்தாள். பச்சைப் புல்லும் பழைய கஞ்சியும் கலந்த வாசனை. எடுத்த வேகத்தில் தன் வாயில் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். உள்ளே கோடி முடிகள் துடுப்புப் போட்டன. கன்னம் கூசியது.

வரும்போது பத்தடியாக இருந்த சந்து திரும்பும்போது நீண்டுவிட்டது. நடுவில் இரண்டு பஸ் நிறுத்தம் முளைத்திருந்தது. பொழுதும் சாயத் தொடங்கியிருந்தது. வந்த பஸ்ஸில் ஏறினாள். நிற்கக்கூட இடமில்லை.

"எத்தனை பேருங்க?" என்றார் கண்டக்டர்.

துளசிமணி வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் அவள் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"அட, குடும்பத்தோட போறாங்கப்பா. எல்லாரும் எந்திரிங்க."

எல்லோரும் எழுந்தார்கள். முணுமுணுக்காமல் இறங்கி, பஸ்ஸோடு நடந்து வந்தார்கள். ஒரு ஆள் ஜன்னல் கண்ணாடிகளை மூடிவிட்டுப் போனார். நன்றி சொல்ல வாயில்லாததால் துளசிமணி எல்லா ஜன்னலையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

செவலை தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. துளசிமணி அதன் தாடையைப் பிளந்து, தன் வாயிலிருந்ததை அதன் அடிநாக்கில் ஆழத்தில் வைத்து மூடிப் பிடித்தாள். செவலை விழுங்கியது. அவள் அதன் இடது விலாவில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கதவு சாத்திய வீடு மாதிரி இருந்தது. சூரியன் பனைமட்டத்துக்கு இறங்கியது.

பிறகு உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ "தள்ளி உக்காருங்க" என்றார்கள். விலா அசைந்தது. ஒரு உருண்டை செவலையின் கழுத்தில் மெல்ல மேலேறி வந்தது. செவலை அதை இடதுபக்கம் ஒதுக்கி, கண்ணை மூடி, அசைபோடத் தொடங்கியது.

துளசிமணி அழுதாள். "புண்ணியவானுகளா, நல்லா இருங்க" என்று விலாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்க நல்லா இருக்காங்க" என்றது ஒரு குரல். அது அவள் கடைவாய்க்குப் பின்னாலிருந்து வந்தது. "நாங்க நாலஞ்சு பேரு எறங்க முடியலீங்க. சிரமமுங்களா?"

"சிரமமென்னங்க, இருங்க" என்றாள்.

மாட்டுக்கு அடுக்கியிருந்த தட்டுப்போருக்குப் போய் ஒரு கை காய்ந்த சோளத்தட்டு உருவினாள். செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நல்லாருக்குதுங்க" என்றார்கள் உள்ளே.

"கூச்சப்படாதீங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று இன்னொரு துண்டைக் கடித்தாள் துளசிமணி.