மருந்து படாதவர்கள்

“அப்பா மருந்தடிச்சிட்டு வந்தா சட்டைய யாரு கழுவுறது?”

பதினொரு வருடத்துக்கு முன் அக்கா கேட்ட கேள்வி. சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் கழுத்தை மேலே இழுத்துவிட்டபோது டொரதிக்கு அது ஞாபகம் வந்தது. எவ்வளவு இழுத்தும் கழுத்துக் கட்டி மறையவில்லை. கைக்குட்டையை மடித்து இடுக்கில் வைத்தாள்.

அப்பா சுவக்கின், கெலிஓயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் களைக்கு மருந்தடித்தவர். மூடி சரியாக இறுகாத டாங்கியை முதுகில் சுமந்து, முதுகு நனைந்துதான் வீடு திரும்புவார். அம்மா செத்தபோது வீட்டைப் பார்க்க ஒருத்தி தேவைப்பட்டாள். டொரதி எட்டாம் வகுப்போடு நின்றாள். அக்கா பெற்றீசியா படித்தாள். டி.என்.ஏ. எப்படி உடைகிறது, உடைந்தது எப்படிப் புற்றுநோயாகிறது என்று ஆராய்கிறவளாகி, கட்டுகஸ்தோட்டையில் வீடும் கட்டிக்கொண்டாள்.

காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள். அப்பாவுக்கு வந்த வியாதியைத்தான் மகள் ஆராய்கிறாள், அவர் கொடுத்துவைத்தவர் என்றார்கள். டொரதி தலையாட்டிக்கொண்டே பிளேன்டீ கொடுத்தாள்.

பத்து மணிக்கு பஸீஹா வந்தாள். அலவத்துகொடக்காரி, அக்காவின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். முன்பு தோட்டத்துக்கு வந்து ரத்தம் எடுத்தது அவள்தான். பிரேதத்தைப் பார்த்துவிட்டு, டொரதியைப் பின்பக்கம் தண்ணீர்ப் பைப்படிக்குக் கூட்டிப்போனாள்.

“தங்கச்சி, ஒங்கட ஒடம்பு எப்பிடி? ஒழுங்கா செக் பண்றீங்க தானே?”

“எனக்கு எதுக்கு?”

அக்காவை பஸீஹா மிஸ் என்றுதான் சொல்வாள். “மிஸ் ஒங்களுக்கு செல்லல்லயா?”

பிறகு மெதுவான குரலில் அவளே சொன்னாள். ரத்த அணுவைக் கண்ணாடித் துண்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நல்ல டி.என்.ஏ. உருண்டையாக நிற்குமாம். உடைந்தது வால் நட்சத்திரம் மாதிரி வால் விடுமாம். மருந்தடிக்கிற ஆண்களின் ரத்தத்தில் வால் இருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத ஆட்கள் வேண்டும். அதே லயத்து வீடு, அதே சாப்பாடு, ஒப்பிட வசதி என்று நினைத்து அந்த வீடுகளிலேயே டொரதியோடு சேர்த்துப் பதினொரு பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அவர்களுக்கும் வால் இருந்தது. அந்தக் கண்ணாடிகளை ஒதுக்கிவைக்கச் சொன்னாள் மிஸ். அப்புறம் கண்டியில் கடைகளில் நிற்கிற பெண்களிடம் எடுத்தார்கள். அதில் வால் இல்லை, ஒப்பீடு சரியாக வந்தது. மிஸ்ஸுக்குப் பட்டமும் வந்தது.

ரத்தம் எடுத்தது அந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு. அக்கா சட்டையைப் பற்றிக் கேட்டது பெரிய வெள்ளிக்கு வந்திருந்தபோது. நான்தான் கழுவுகிறேன் என்று டொரதி சொன்னதும் அக்கா எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள். டொரதி ஊற்றிக் கொடுத்தாள்.

அக்கா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டி தூக்குவதற்கு முன் பேசவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். டொரதி கதவைச் சாத்தினாள்.

“என் ரத்தத்துலயும் வால் இருந்திச்சா?”

அக்கா நிமிர்ந்தாள். “பஸீஹா சொன்னாளா?”

“இருந்திச்சா?”

“அது நோய் இல்ல டொரதி. எல்லாருக்கும் தெனமும் ஒடையும். ஒடம்பே சரி பண்ணிக்கிரும். பதினொரு பேர வச்சி ஒண்ணும் நிரூபிக்க ஏலாது. சும்மா போயி பயமுறுத்தவா சொல்ற?”

“நாந்தான் கழுவுறேன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் நாலு வருசம் இந்தக் கையாலதான் கழுவுனேன். கையுறை போட்டுக் கழுவுன்னு சொல்றதுக்கு என்னாக்கா நிரூபிக்கணும்?”

வெளியே செபமாலை நடந்துகொண்டிருந்தது. அக்கா காகிதத்தை மடித்தாள், விரித்தாள்.

“அப்ப ஆய்வ முடிச்சுக் குடுக்க எனக்கு மூணு மாசந்தான் இருந்திச்சு. அதச் சேர்த்தா மொத்த வேலையும் நிக்காது. எல்லாமே அப்பாவுக்காகத்தான் செஞ்சேன்.”

“அப்பா செத்துட்டாரு. மத்தவங்க வெளிய உக்காந்திருக்காங்க. பேசும்போது இதையும் நீ சொல்லு.”

அக்காவை அவள் நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா நன்றாகப் பேசினாள். அப்பாவின் நனைந்த முதுகைப் பற்றிச் சொன்னாள். அந்த முதுகுதான் தன்னைக் கண்டிப் பள்ளிக்கூடம் வரைக்கும் சுமந்தது என்றாள். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். நன்றி சொல்லி முடித்துக் காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான். தூக்குகிறவர்கள் குனிந்தார்கள்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் டொரதி.

கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால்கூட ஒளிந்துகொள்கிறவள் அவள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாதியில் குழம்பியது. நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். பதினொரு பேரிடம் ரத்தம் எடுத்தது, சட்டை கழுவியவர்களுக்கும் அப்பாவுக்கு இருந்த அதே பழுது இருந்தது, அது அன்றைக்கே அக்காவுக்குத் தெரிந்தது. இனியாவது எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவேண்டும். ரத்தினம்மா, ராக்கம்மா என்று அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ராக்கம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

பெட்டியின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள் அங்கம்மா. அவள் புருசனும் அப்பாவோடு மருந்தடித்தவர். அந்த வீட்டில் சட்டை கழுவியது மகள் சீதா. போன வருடம் ரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லி முப்பத்தொரு வயதில் செத்துப்போனாள். அங்கம்மா அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

“எங்க சீதாவும் அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தியா, டாக்டரம்மா?”

சீதாவின் நோய்க்கு அதுதான் காரணமென்று சொல்ல முடியாது என்று அக்கா தொடங்கினாள். அங்கம்மா அதற்குள் போகவில்லை. கேட்டதற்குப் பதில் வரும்வரை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா ஆமென்று தலையை அசைத்தாள்.

அங்கம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். காலில் போடவில்லை, பெட்டி தூக்கும்வரை நிற்கவுமில்லை. கையில் பிடித்தபடி, வெள்ளைக் கொடிகளைத் தாண்டி, சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.