பார்சலில் இல்லாத மாத்திரை

சனிக்கிழமை மத்தியானம் கப்பலிலிருந்து இறக்கிய பார்சலை ரூபா துறைமுகத்திலேயே பிரித்துவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க அவளால் முடியவில்லை. துவரம்பருப்பு, புளி, இரண்டு காட்டன் சுடிதார், ஒரு டப்பா அதிரசம். எல்லாவற்றையும் சிமெண்ட் தரையில் எடுத்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். மாத்திரை இல்லை.

கார் நிக்கோபார் தீவில் ஓர் அரசுப் பள்ளியில் அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். மாற்றலாகி வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவன் கௌதமுக்குப் போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தின் சரக்குப் பிரிவில் வேலை, அங்கேயே டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். மாதாமாதம் அவன்தான் அங்கே மாத்திரை வாங்கிக் கப்பலில் அனுப்புவான். இந்தத் தடவை கப்பல் நான்கு நாள் தாமதம். கடைசி மாத்திரையைப் புதன்கிழமையே போட்டுவிட்டாள்.

பக்கத்து மேட்டில் ஏறி நின்றதும் போனில் சிக்னல் கிடைத்தது. கௌதமைக் கூப்பிட்டாள்.

"பார்சல் வந்துச்சா?" என்றான் கௌதம்.

"வந்துச்சு. மாத்திரையை எதுல வெச்சீங்க?"

"வைக்கல" என்றான்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. வேணும்னுதான் வாங்கல. ஆறு மாசமா நல்லாத்தானே இருக்கே ரூபா? சிரிக்கறே, சாப்பிடறே, வேலைக்குப் போறே. இன்னும் எதுக்கு அந்தக் கருமம்? எங்க சித்தப்பா பதினஞ்சு வருஷம் இப்படி மாத்திரை தின்னு நடைபிணமா ஆனதைப் பாத்தவன் நான். நாலு நாள் பல்லைக் கடிச்சிக்க. விட்டுடலாம்."

"நான் நல்லா இருக்கறதே அதனாலதாங்க."

"அப்படி நீயா நெனச்சிக்கறே."

அவள் போனை அணைத்தாள்.

போன வருஷம் அவள் பட்டது கௌதமுக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூம் வாசலில் கால் நகராமல் நிற்பாள். நெஞ்சு அடைத்து, செத்துவிடுவோம் என்று இரண்டு முறை கேஷுவாலிட்டிக்கு ஓடினாள். இரண்டு முறையும் ஈசிஜி சரியாக இருந்தது. அப்புறம் படுக்கையை விட்டே எழவில்லை. தலை வாரிக்கொள்வதுகூட மலையைப் புரட்டுவதாக இருந்தது. மனநல டாக்டர் வைஜெயந்தி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடியதே தவிர ஒன்றும் குறையவில்லை. ஆறாவது வாரத்தில் ஒருநாள், சாம்பாரில் உப்பு குறைவு என்று நாக்கு சொன்னது. ருசி திரும்பிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ப் பழைய மாத்திரை அட்டையைக் காட்டினாள். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் மகள் அவளிடம்தான் படிக்கிறாள்.

"யே இதர் நஹி மிலேகா, மேடம்." இங்கே அது கிடைக்காதாம்.

அடுத்த கப்பல் வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குள் சுளீர் சுளீரென்று கரண்ட் அடிக்க ஆரம்பித்தது. கண்ணை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு அடி, அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொன்று. தரை கப்பல் தளம் போல் ஆடியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண்ணீர் வந்தது. பழைய வியாதி திரும்பிவிட்டது, இனி இதிலிருந்து மீளவே முடியாது என்று நினைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தாள். கௌதம் மூன்று முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்கு பிராக்டிகல் தேர்வு. போர்ட் பிளேயரிலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்பவர் எக்ஸாமினராக வந்திருந்தார். லீவு எடுக்க வழியில்லை. ரூபா மேஜையைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பத்தரை மணிக்கு ஒரு பெண் ஆசிட் கேட்டாள். அலமாரியிலிருந்து அடர் கந்தக அமில பாட்டிலை எடுத்துக்கொண்டு ரூபா திரும்பினாள். தலைக்குள் அந்தக் கரண்ட் அடித்தது. பாட்டில் விரல்களுக்குள் நழுவியது. எதிரே ஒரு கை தூரத்தில் அந்தப் பெண்ணின் முகம்.

பாட்டிலின் அடியை இன்னொரு கை ஏந்திக்கொண்டது. லேப் அட்டெண்டர் ராணி. ரூபாவின் வயதுதான் இருக்கும், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம்.

"விடுங்க டீச்சர். நான் புடிச்சிக்கிட்டேன்."

ரூபாவால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ராணிதான் ஒவ்வொன்றாக விலக்கினாள். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, கிருஷ்ணமூர்த்தியிடம் போய், "சார், டீச்சருக்கு சொகமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பிரின்சிபல்கிட்ட வேற டீச்சரை அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அனுமதி கேட்பது போல அது இல்லை.

வெளியே வந்ததும் ரூபா நின்றாள். "ஆஸ்பத்திரி வேணாம் ராணி. அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்கன்னு பேசுவாங்க."

"பேசட்டுமே டீச்சர். அந்தப் புள்ள மூஞ்சியில ஆசிட் விழுந்திருந்தா என்ன பேசியிருப்பாங்க?"

ரூபா ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டர் ஹரிஹரன் இளைஞர். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கடைசியா எப்ப போட்டீங்க?"

"புதன்கிழமை."

"நேராவே கேக்கறேன். சாகணும்னு தோணுதா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "சாகணும்னு இல்ல. ஆனா இப்படியே இன்னொரு நாள் இருக்க முடியாதுன்னு தோணுது. வியாதி திரும்பிடுச்சா டாக்டர்?"

"தலைக்குள்ள ஷாக், கிறுகிறுப்பு, அழுகை, எல்லாம் நிறுத்தின மூணு நாலு நாள்ல. இது பெரும்பாலும் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதால வர்றது. வியாதி திரும்பறதா இருந்தா பொதுவா மெல்ல மெல்ல, வாரக்கணக்குல வரும்."

"அப்ப நான் இதுக்கு அடிமையாயிட்டேனா? என் வீட்டுக்காரர் அப்படித்தான் நெனைக்கறார்."

"அடிமையானவங்க இன்னும் வேணும், இன்னும் வேணும்னு அளவை ஏத்திக்கிட்டே போவாங்க. நீங்க ஏத்தினீங்களா?"

"இல்ல."

"மூளை இந்த மருந்தோட பழகியிருக்கு. விடணும்னா டாக்டர் மேற்பார்வையில, கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல குறைக்கணும். உங்க மாத்திரை இங்க இல்ல. அதே வகையில இன்னொண்ணு இருக்கு, உடம்பை விட்டு மெதுவா இறங்கும். உங்க டாக்டர்கிட்ட பேசிட்டுத் தரேன்."

அவள் எதிரிலேயே டாக்டர் வைஜெயந்திக்கு போன் செய்து, அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். வியாழன்வரை தனியாக இருக்க வேண்டாம், தினமும் வந்து காட்ட வேண்டும் என்றார். கூட வந்திருந்த ராணி, யாரும் கேட்காமலே, "எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் தலைக்குள் கரண்ட் அடித்தது. புதன் மாலைக்குள் அடிகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. அன்று கௌதமின் போனை எடுத்து, ஆசிட் பாட்டில் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை கப்பலில் கௌதம் வந்து இறங்கினான். கையில் மூன்று மாதத்துக்கான மாத்திரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் எதிரே நின்றான். ஷேவ் செய்திருக்கவில்லை.

"சித்தப்பா மாதிரி நீயும் ஆயிடுவியோன்னு பயந்துட்டேன் ரூபா. நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"உங்களுக்கு பயம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம். பெட்டியை மூடி அனுப்பிட்டு, அங்க உக்காந்துக்கிட்டு என்னைப் பல்லைக் கடிச்சிக்கச் சொன்னீங்க."

அவன் மாத்திரைக் கவரை நீட்டினான். அவள் வாங்கி, அட்டைகளை எண்ணித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே நானே போஸ்ட்ல வரவழைச்சிக்கறேன்."

நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். கௌதமும் கூடவே கிளம்பினான்.

"நீங்க கொஞ்சம் இங்கயே இருங்க" என்றாள் ரூபா. "முதல்ல நான் பேசணும். அப்புறம் கூப்பிடறேன். உங்க சித்தப்பாவைப் பத்தி நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். இருபது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள்.