தேளுக்கு விரித்த தாள்

1

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்டாலும் கைபேசியைத் தட்டி, "சைன்ஸ் சொல்லுது" என்று முடித்துவிடுகிறார்கள். யாரிடம் சொன்னது, நீ பார்த்தாயா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கேட்கத்தான் செய்வேன்.

இந்தக் கதை டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் என்னிடம் சொன்னது. பாதி அவர் சொன்னது, மீதி நான் போட்டது.

2

முதல் வரி: "இருண்ட அறைக்குள் மரணம் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு—"

வேண்டாம். யாரும் சாகவில்லை. (அடித்த வரி அப்படியே கிடக்கட்டும்.)

மறுபடி. ரசாக்கின் மகள் சுஹானா ஆய்வுக்கூடத்தில் தேள் வளர்ப்பவள். அங்கே குளிர்சாதனம் கெட்டுப்போனதால், ஆணும் பெண்ணுமாக இரண்டு கருந்தேள்களைக் கொண்டுவந்து வீட்டுச் சாமான் அறையில் தனித்தனிப் பெட்டியில் வைத்தாள். காலையில் பார்த்தால் ஆண் தேளின் பெட்டி காலி. அவள் மகள் இமானுக்கோ தவழ்கிற வயது.

"பதறாதீங்க அத்தா. கதவடியில துணி அடைச்சிட்டேன். உள்ளதான் இருக்கு."

"ஒனக்கு லெட்டர் போட்டுச்சா, உள்ளதான் இருக்கேன்னு? மருந்தடிக்கிற ஆள கூப்பிடுறேன் லா."

"அடிச்சா செத்துரும். என் படிப்பே அதுலதான் இருக்கு. சாயந்திரம் மஃரிப் வரைக்கும் விடுங்க."

"மஃரிப். அதுக்கு மேல ஒண்ணு அது இருக்கணும், இல்ல என் பேத்தி இருக்கணும்."

3

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் எட்டவில்லை. பெண் தேளின் பெட்டியிலிருந்து, அது உலாவித் திரிந்த பழுப்புத் தாளை எடுத்து, மூட்டைகளுக்கு முன்னால் விரித்தாள் சுஹானா. தேளுக்கு வயிற்றடியில் சீப்பு மாதிரி இரண்டு உறுப்பு உண்டாம். அதை வைத்துத் தரையைத் தடவிக்கொண்டே போகுமாம். பெண் நடந்த இடம் என்றால் ஆணுக்கு அதிலேயே தெரிந்துவிடுமாம்.

(எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டமாம். காலால் அதிர்வும், இடுக்கி மயிரால் காற்றும் அறியுமாம். எனக்கு இதைச் சொன்னவர் ரசாக். அவரும் நம்பவில்லை.)

சுஹானா குழந்தைக்குச் சோறூட்டப் போன நேரம், ரசாக் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அழுக்குத் தாள். ஒருவர் சாப்பிட்ட தாளில் இன்னொருவருக்குப் பரிமாறியதில்லை அவர் கடையில். கை தானாகப் போயிற்று. பழசைக் கசக்கி மூலையில் இருந்த குப்பைத் தட்டில் போட்டார். அங்கிருந்த கடைத் தாள் கட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றை உருவி, சுருக்கமில்லாமல் விரித்தார். மகளுக்கு உதவி செய்த திருப்தி.

4

மஃரிப் பாங்கு முடிந்தது. சுஹானா ஊதா டார்ச்சோடு கதவைத் திறந்தாள். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக மின்னும். தாளில் எதுவும் மின்னவில்லை.

"அத்தா... இது எந்தத் தாள்?"

"புதுசு. பழசு ஒரே கறை."

"அந்தக் கறைதான் அத்தா வேணும்!"

டார்ச் மூலைக்குத் திரும்பியது. குப்பைத் தட்டில், கசங்கிய தாளின் மேல், பச்சையாக மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தேள். சுஹானா அதை நீளக் கம்பி இடுக்கியால் தூக்கிப் பெட்டியில் விட்டாள்.

"பாத்தீங்களா? தேடிப் போயிருக்கு."

"கசங்குன தாள்ல ஒளிய எடம் இருந்துச்சு, போச்சு. நானா இருந்தாலும் அங்கதான் போவேன்."

அவள் யோசித்தாள். பிறகு இரண்டு தாளையும் ஒரே மாதிரி கசக்கி, பெரிய பெட்டியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து, நடுவில் தேளை விட்டாள்.

5

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். பழைய தாளுக்குப் போனது. புதுத் தாளுக்குப் போனது. நடுவிலேயே சும்மா கிடந்தது. எதையும் நான் பார்க்கவில்லை, ரசாக்கும் பார்க்கவில்லை. உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரசாக் ஏன் பார்க்கவில்லை என்றால், அவர் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

"நில்லுங்க அத்தா, நகருது!"

"நீயே பாத்துட்டுச் சொல்லு," என்றார் திரும்பாமல். "சொன்னாலும் நம்ப மாட்டேன். பெட்டி மேல அம்மிக்கல்ல தூக்கி வை."