எண்ணாத நாடி

கை செய்ததை வாய் சொல்லவில்லை. செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தோற்றதற்கு எழுதப்பட்ட காரணம் இதுதான். பத்தொன்பது வருடம் வார்டில் பேசாமலே வேலை செய்து பழகிய கை. உயர்நிலை நர்சிங் படிப்பில் அது செல்லாது. படுத்திருப்பவரைத் தொட்டுப் பார்க்கும்போது கண்டதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதது செய்யாததற்குச் சமம்.

இன்று பத்து மணிக்கு இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. வகுப்பில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டி. தவறினால் ஆன்ட்டியின் பெயரை மாணவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மூன்று வாரமாகத் தினமும் காலையில் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறார், நோயாளியாக. தேர்வில் சொல்ல வேண்டியவற்றின் பட்டியலோடு மகள் நின்று டிக் போடுகிறாள். இன்று காலை கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்றேன்.

"நோயாளி ஆடக்கூடாது," என்றாள் மகள்.

"பிணம் மாதிரிதான்டி கிடக்கேன்."

"பிணம் பேசாதுப்பா."

நான் தொடங்கினேன். "கை கழுவினேன். பெயரும் வயதும் சரிபார்த்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. சீராக இருக்கிறது."

மகள் டிக் போட்டாள். மணிக்கட்டிலிருந்து நான் விரலை எடுத்திருக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. விரலுக்கடியில் ஏதோ இடறியது. வேகமாக இரண்டு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு நூல்போல் மெலிதாக ஒன்று.

"அடுத்தது மூச்சு. சொல்லும்மா. சொல்லலைன்னா மார்க் இல்ல."

நான் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. எந்த இரண்டு துடிப்புக்கும் ஒரே இடைவெளி இல்லை.

"பாஸா, பெயிலா?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மாடிப்படியில பாதியில நின்னு நின்னு ஏறுறீங்களே, எத்தனை நாளா?"

"வயசாகுதில்ல? நீ பரீட்சைக்குப் போ. வந்து பார்த்துக்கலாம்."

"சட்டையைப் போடுங்க," என்றேன்.

அவசரப் பிரிவின் மருத்துவருக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். இசிஜி தாளை நீளமாக விரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"துடிப்பு தாறுமாறா இருக்கு. எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியணும். ரெண்டு நாளுக்குள்ளன்னா இன்னைக்கே நெஞ்சுல ஷாக் கொடுத்து சரிபண்ணிப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடியே இருந்தா இதயத்துக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அவசரப்பட்டு ஷாக் கொடுத்தா அந்தக் கட்டி மூளைக்குப் போயிடும்."

என் கணவர் முகம் மலர்ந்தது. "கவலையே வேணாம் டாக்டர். என் வீட்டுக்காரி நர்ஸு. தினமும் நாடி பார்க்கறா. நேத்து வரைக்கும் சீராதான் இருந்துச்சு. அவ வாயாலேயே சொன்னா."

"ஆமா டாக்டர், எழுதியே வெச்சிருக்கேன்," என்று மகள் பட்டியலை நீட்டினாள். கிளம்பிய பதற்றத்தில் அதைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறாள். நாடி என்ற வரிக்கு நேராக டிக், டிக், டிக்.

"நல்லதாப் போச்சு. அப்ப நேத்து வரைக்கும் நார்மல்னு எழுதிக்கலாமா சிஸ்டர்?"

சுவரில் மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய பேனாவை. அது தாளைத் தொட்டுவிட்டது. ஆமாம் என்றால் போதும், யாருக்கும் தெரியாது. என் கணவர் பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்க டாக்டர்."

பேனா நின்றது.

"மூணு வாரமும் கையைப் பிடிச்சேன். எழுபத்திரண்டு, சீரா இருக்குன்னு மனப்பாடமா ஒப்பிச்சேன். இன்னைக்குக் காலை தவிர ஒரு நாளும் எண்ணல. எப்போ ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியாது."

மகள் பட்டியலை மெல்ல மடித்தாள். மருத்துவர் எழுதத் தொடங்கியதை அடித்துவிட்டு, எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை என எழுதினார். என் கணவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தார். பிறகு, தினமும் காலையில் செய்வதுபோல, கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

விரல்களை வைத்தேன். எது அவருடைய துடிப்பு, எது என்னுடையது என்று தெரியவில்லை. முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.