புது ஆள் வராத வார்டு

வெற்றிவேலின் கவுன்சிலர் பதவி முடிந்து வருஷக்கணக்காகிறது. அதன்பிறகு புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் வரவே இல்லை. புதுக் கவுன்சிலர் வந்தால்தானே ஜனங்கள் பழையவரை விடுவார்கள்? தெருவிளக்கு எரியாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சாரம் பகுதியில் அவர் நடத்தும் பைப்பு, பெயிண்டுக் கடை முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். 'எனக்கு இப்போது பதவி இல்லை' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் மனுஷனுக்கு வாயில் வராது. கல்யாணப் பத்திரிகைகளில் இன்னமும் 'கவுன்சிலர்' என்று போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அந்தச் சுகத்தை யார் விடுவார்கள்?

இந்த முறை வந்தவள் பின்தெரு அன்னக்கிளி. சாக்கடை அடைத்துக்கொண்டு அவள் வாசலில் கறுப்புத் தண்ணீர் கட்டி நின்றது. மகள் கவிநிலாவுக்கு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பச்சப்புள்ளய இந்த நாத்தத்துல எப்பிடிண்ணே வச்சிருப்பேன்? நானே ஆபீசுக்குப் போயி சொல்லட்டுமா?"

"நீ எதுக்கு அலையற? அதான் நான் இருக்கேன்ல!"

அன்றைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். புதிதாக வந்திருந்த அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"நீங்க இப்ப கவுன்சிலர் இல்லையே சார். எல்லாரையும் போல ஒரு மனு எழுதிக் குடுங்க. வரிசைப்படி வண்டி வந்துரும்."

வெற்றிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் இவர் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நின்ற இடம் அது. அங்கேயே வரிசையில் நின்று மனு கொடுப்பதா? விருட்டென்று எழுந்து வந்துவிட்டார். அன்னக்கிளி கேட்டபோதெல்லாம், "சொல்லிட்டேன், வருவாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சாக்கடை உறிஞ்சும் வண்டி வந்தே விட்டது. ஆனால் அடுத்த தெருவுக்கு. அன்னக்கிளி ஓடிப்போய் மறித்தாள்.

"உங்க தெருவுலேருந்து மனுவே வரலியேம்மா. அந்தத் தெருவுல சுடர்விழின்னு ஒரு அம்மா குடுத்திருக்காங்க" என்றார் டிரைவர்.

சத்தம் கேட்டு வெற்றிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நான் யாருன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"தெரியலியே சார்."

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. கவிநிலா கருந்தண்ணீரைப் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைச்சாவடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு விடச் சொன்னாள். அன்னக்கிளி ஆட்டோவில் ஏறுவதற்கு முன் வெற்றிவேலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தாலாவது அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

"என்னால ஆவாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நானே போயி எழுதிக் குடுத்திருப்பேனேண்ணே."